கேட்காமல் எடுத்த பெயர்

ஞாயிறு, 15 மே 1988

எங்கள் உதைபந்தாட்டக் குழுவின் பெயரை யோகன் கேட்காமல் எடுத்துத் தன் ஹொக்கிக் குழுவுக்கு வைத்துவிட்டான். அப்போது நாங்கள் கூடிய கோட்-டெ-நெய்ஜ் பகுதி வீட்டுக் குசினியில், சாமிப்படத்துக்கு முன்னால் திருவுளச்சீட்டுப் போட்டுக் கிடைத்த பெயர் அது: கடற்பருந்துகள். சீட்டை எடுத்த சின்னத்துரை போன மாரியில் இறந்துவிட்டார்.

யோகன் போன கிழமை வரை எங்கள் கோல் கீப்பர். இன்று மைதானத்துக்கு ஏழு பேர்தான் வந்தோம். மற்றவர்கள் பக்கத்துக் கார்த் தரிப்பிடத்தில் ஹொக்கித் தடியோடு நின்றார்கள். முதுகில் எங்கள் பெயர்.

"ஆரைக் கேட்டு வைச்சனீ?" என்றேன்.

"அண்ணை, முந்திக் காசுக்கு விளையாடின ஹொக்கிக்காரரும் புட்போல்காரரும் ஒரே பேரோடதான் திரிஞ்சவை. லைப்ரரிப் புத்தகத்திலை கிடக்கு. ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லை."

"அவை சாமிக்கு முன்னாலை சீட்டெடுத்தவையோ?"

"அப்ப வாங்கோ, இன்னொருக்கா எடுப்பம்."

எல்லாரும் சிரித்தார்கள். எடுத்த சீட்டைத் திரும்ப எடுப்பது வழக்கமில்லை. அது அவனுக்கும் தெரியும். பெயரும் போனால் மிச்சமுள்ள மற்ற ஆறு பேரும் வரமாட்டார்கள்.

என் முடிவு இது: யோகன் ரொக்ஸ்பரோவில் இருக்கும் சின்னத்துரையின் மனைவியிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும். அவர் ஓம் என்றால் வைத்திருக்கட்டும். இல்லையென்றால் புதன்கிழமைக்குள் சட்டைகளிலிருந்து பெயரைக் கழற்ற வேண்டும். செயலாளர் மகேந்திரன் இதைக் கடிதமாக எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு ஆள் கிடைக்கும்வரை கோலில் நான் நிற்க வேண்டும், ஐம்பத்தெட்டு வயதானாலும்.