இரண்டு கேசட்டும் நான் மாற்றிய வரிசையும்

நேற்று மத்தியானம் உன் மகள் வந்து ஒரு பிளாஸ்டிக் பையை என் முன்னால் வைத்தாள். உள்ளே நம்முடைய இரண்டு கேசட். "வாப்பா பெட்டியில இருந்துச்சு மாமா. ஓடுதான்னு பாருங்க" என்றாள். நீ கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை. கேசட் மூடியைத் திறந்ததும் அந்த நாடா வாசனை வந்தது. சட்டென்று திரும்ப அழுத்தி மூடிவிட்டேன், மாப்ள. துக்கம் என்று அவள் நினைத்திருப்பாள். பயம்தான்.

எண்பதுகளின் கடைசி அது. பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த யாரோ என் கேசட் கடையில் ஒன்றை விட்டுப் போனார்கள். பாடாமல், தாளத்துக்குப் பேசிக்கொண்டே போகிறார்கள். ராப் என்று பெயர்கூட நமக்கு அப்போது தெரியாது. ஒரு வாரம் கேட்டுவிட்டு, "தெருவுல பாடிக்கிட்டு வர்ற நம்ம பக்கீர்சா, தாயிராக் கொட்டத் தட்டிக்கிட்டு இதத்தானடா சொல்றாரு!" என்றாய். அன்றைக்கே எழுத உட்கார்ந்தாய். நெடுங்காடு கிராமத்து வயலை விட்டு அரபு நாட்டுக்குப் போகிறவன் கதை. போவதற்கு ஒரு கேசட், திரும்பி வருவதற்கு ஒன்று. "ரெண்டு கேசட்ட எவன்டா கேப்பான்?" என்று கத்தினேன். "ஒண்ணுல அடங்கலையே, நான் என்ன செய்ய?" என்று சிரித்தாய். மதியம் கடையைச் சாத்தி, சத்தம் விழுமென்று ஃபேனையும் நிறுத்தி, தாளம் தட்ட வந்த இரண்டு பேரோடு சேர்த்து நாலு பேரும் வேர்த்து ஒழுகப் பதிவு செய்தோம்.

பத்திரிகை விமர்சனத்துக்கு அனுப்பும் பிரதியை எடுப்பது என் வேலை. எனக்கு ஒரே படபடப்பு. முதல் பாட்டு பஸ் நிறுத்தத்தில் அம்மா பேசுவது, மெதுவாகப் போகும். கேசட் கடைக்காரன் புத்தி எப்படிப் போகும்? எடுப்பான பாட்டை முதலில் போடு, அப்போதுதான் காது கொடுப்பார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அப்படித்தான் பதிந்து கொடுத்தேன். அதே பழக்கத்தில், கடைசியில் வரவேண்டிய கல்யாணப் பாட்டைத் தூக்கி முதலில் வைத்தேன். இன்னும் நாலைந்தை இடம் மாற்றினேன். உன்னிடம் சொல்லவில்லை. நல்லதுக்குத்தானே என்று நினைத்தேன், மடையன்.

அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. பத்திரிகை வரும் நாளில் உனக்கு முன்னால் நூலகத்துக்கு ஓடுவேன். விமர்சனம் வரவில்லையென்றால் இன்னும் ஒரு வாரம் மூச்சு விடலாம். வந்த வாரம் நான் காய்ச்சலென்று படுத்துக்கொண்டேன். நீயே போய்ப் படித்துவிட்டு வந்தாய். குரல் இருக்கிறது, சொல் இருக்கிறது. ஆனால் எதை எங்கே வைப்பதென்று தெரியாதவருக்கு இரண்டு கேசட் எதற்கு என்று எழுதியிருந்தார்கள். "அவரு படிச்சவரு மாப்ள. எனக்குத்தான் கோத்துச் சொல்ல வரல" என்றாய். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என் முகத்தில் விழிக்க மாட்டாயே என்று விழுங்கினேன்.

அடுத்த வருஷம் நீயே ஷார்ஜாவுக்குக் கிளம்பினாய். கடிதம் போட்டாய், போனில் பேசினாய். பாட்டு ஒரு வரி எழுதவில்லை. ஒவ்வொரு லீவுக்கும், இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். நீ கொண்டுவந்த சென்ட் பாட்டிலை வாங்கிக்கொண்டு ஊர்க்கதை பேசி அனுப்பிவிடுவேன்.

நேற்று பழைய டெக்கில் போட்டேன். ஓடியது, நீ கோத்த அதே வரிசையில். உன் மகள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். "இவ்ளோ நல்லா எழுதினவங்க ஏன் மாமா விட்டாங்க?"

"நேரம் எங்கம்மா கெடச்சுது" என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். என்னால் முடியவில்லை, கூப்பிட்டுவிட்டேன். வாசலிலேயே எல்லாம் சொன்னேன், அந்தக் காய்ச்சல் பொய் என்பது உட்பட. திட்டுவாள் என்று தலைகுனிந்து நின்றேன். திட்டவில்லை.

"வாப்பாவுக்கு இது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அப்ப கடைசி வரைக்கும் தனக்கு வரலன்னுதான் நெனச்சாங்களா, மாமா?"

"பொழுது சாயுதும்மா, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். உனக்குக் கோத்துச் சொல்ல வந்தது, மாப்ள. நன்றாகவே வந்தது. இதை உன்னிடம் சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.