அவர் கோடிட்டு வைத்த பெயர்

இன்று காலை விழித்ததும், முகம்கூடக் கழுவாமல், கைத்தொலைபேசியைத் திறந்து உன் மரண அறிவித்தலை மறுபடியும் வாசித்தேன். நீ போய் இருபத்தெட்டு நாள். ஒவ்வொரு காலையும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட என்று, எங்கள் சனத்தில் எல்லாருக்கும் எழுதுகிற மாதிரியே தொடங்குகிறது. அப்பா அம்மாவின் அன்பு மகள், அண்ணாவின் பாசமிகு சகோதரி, என் அன்பு மைத்துனி. மொத்தம் ஒன்பது பெயர்கள். அவற்றில் உன் கணவர் டெஸ்மண்டின் பெயர் இல்லை. உன் மகள் வாணியின் பெயரும் இல்லை.

அதை எழுதியது நான்.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். உன் அண்ணாவை நான் கட்டியதும் எனக்கு நீ மச்சாளானாய். பிறகு நீ டெஸ்மண்டைக் கட்டினாய். சிறுவயதில் ஜமேக்காவிலிருந்து வந்தவர், எக்ளிண்டன் மேற்குத் தெருவில் சலூன் வைத்திருக்கிறவர். அதை உன் அம்மா வெளியில் ஒருவருக்கும் சொன்னதில்லை. யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், "மகள் தூரத்தில வேலை" என்பார். நாங்கள் இருக்கிற ஸ்கார்பரோவிலிருந்து காரில் அரை மணித்தியாலத் தூரம்.

சனிக்கிழமைகளில் மரக்கறி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நீ நடத்துகிற தெரு நடைக்கு வருவேன். பத்து மணிக்குச் சலூன் வாசலில் நின்று, வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெரு நெடுகக் கறுப்பின மக்கள் வாழ்ந்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டு போவாய். நான் வந்த முதல் நாள் பனி உருகித் தெருவெல்லாம் சேறு. என் காலைப் பார்த்துச் சிரித்தாய். "எடியே, உது பிளாசாவில இருந்து காருக்கு நடக்கிற சப்பாத்து. உதோட வந்தால் ரெண்டு சந்தியில விழுந்துபோவாய்."

"விழுந்தால் நீ தூக்கு."

"நானோ? உன்ர நிறைக்கு டெஸ்மண்டைத்தான் கூப்பிடவேணும்."

ஒரு கடை வாசலில் நீலப் பீப்பாய்கள் அடுக்கியிருந்தன. அரிசி, சவர்க்காரம், பள்ளிக்கூடச் சப்பாத்து எல்லாம் போட்டு ஜமேக்காக்காரர் ஊருக்கு அனுப்புவார்கள் என்றாய். "எங்கட சனம் பெட்டி கட்டுறமாதிரித்தான். ஆனால் பக்கத்துக் கடையில நிண்டாலும் ஒருத்தரை ஒருத்தர் பாராயினம்." பூட்டிய கதவொன்றைத் தட்டிக் காட்டி, அது பாட்டுத்தட்டு விற்ற கடை என்றாய். ரெயில் பாதைக்காக வருடக்கணக்காகத் தெருவைக் கிண்டியபோது மூடியதாம். அதன் மேல்மாடியில் ஒரு காலத்தில், வீட்டு வேலைக்கென்று தனியாக இந்த நாட்டுக்கு வந்த பெண்கள் லீவு நாளில் கூடிச் சமைத்து, நடனமாடி, ஊரில் விட்டுவந்த பிள்ளைகளின் படங்களைக் கைமாற்றிப் பார்த்தார்களாம். நான் அந்தச் சன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இறைச்சி ரொட்டி ஆறப்போகுது, வாடி" என்று கையைப் பிடித்து இழுத்தாய்.

இன்னொரு சந்தியில் விளக்கப்பலகை ஒன்று இருந்தது. முதலில் வைத்த பலகையில் கட்டடத்தைக் கட்டிய வெள்ளைக்காரரின் பெயர் மட்டும் இருந்ததாம். உள்ளே காலமெல்லாம் கடை நடத்திய கறுப்பினப் பெண்ணின் பெயர் இல்லையாம். கேட்டுக் கேட்டு இப்போது புதுப் பலகை வைத்திருக்கிறார்கள் என்றாய்.

"நல்லதுதானே?" என்றேன்.

"நல்லதுதான். ஆனால் பழசைக் கழட்டி எறிஞ்சுபோட்டினம். அவவின்ர பேரை விட்டதெண்டதே இனி ஒருத்தருக்கும் தெரியாது." பழைய பலகையின் படத்தைப் பையிலிருந்து எடுத்தாய். "ரெண்டையும் காட்டித்தான் நான் கதைக்கிறனான்."

அந்தப் படத்தை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். வாங்கிப் பார்த்த கைதான் அறிவித்தலையும் எழுதியது.

எங்கள் சொந்தத்தில் யார் செத்தாலும் அறிவித்தல் எழுதுவது என் வேலை என்பது உனக்குத் தெரியும். நீ கண்மூடிய அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினேன். டெஸ்மண்டின் அன்பு மனைவியும், வாணியின் பாசமிகு தாயாரும் என்று முதலில் எழுதத்தான் செய்தேன். உன் அண்ணா பின்னால் வந்து நின்று வாசித்தார்.

"இஞ்ச பார், உந்தப் பேரைப் போட்டால் நாளைக்கு முழுச் சனமும் போன் எடுக்கும். அம்மா தாங்கமாட்டா."

"பிள்ளையின்ர பேரை எண்டாலும் போடுவம்."

"பிள்ளை இருக்கெண்டால் தேப்பன் ஆரெண்டு கேளாயினமோ?"

உன் அம்மா கதிரையில் இருந்தபடி, "நான் செத்தாப்பிறகு என்னத்தையும் போடுங்கோ" என்றார். இரண்டு வரிகளையும் அழித்தேன். நான் சண்டை பிடிக்கவில்லை. அழக்கூட இல்லை. களைத்துப்போயிருந்தேன் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். அது காரணமாகாது.

டெஸ்மண்டோ செத்தவீட்டுப் பொறுப்பு எல்லாவற்றையும் எங்களிடம் தந்துவிட்டார். "அவளுடைய அம்மாவுக்கு எது மனம் ஆறுமோ அப்படியே செய்யுங்கோ" என்று ஆங்கிலத்தில் உன் அண்ணாவிடம் சொன்னார். உன்னைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் அறிவித்தலின் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். உன்னைப் பார்த்துப் பழகி அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். "மச்சாள், எவ்வளவு வடிவான எழுத்து. இதில் என் பெயர் எது?"

உன் அண்ணா நாலடி தள்ளி நின்றார். உன் அம்மா முதல் வரிசையில் இருந்தார். நான் விரலை நீட்டி ஒரு பெயரைத் தொட்டேன். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து அதன் கீழே கோடு போட்டார். கோடு போட்ட பிறகுதான் பார்த்தேன், அது என் பெயர்.

போன சனிக்கிழமை சலூனுக்குப் போனேன். உன் நடையை அவர் நிறுத்தவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு அறிவித்தலை வாசல் சன்னலில் வைத்திருக்கிறார். வந்திருந்த பதினைந்து பேருக்கும் முதலில் அதைத்தான் காட்டினார். "இந்தத் தெருவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவள் இவள். இது அவளுடைய பெயர். இது என்னுடையது." கோட்டின் மேல் விரலை வைத்தார். கூட்டத்தின் பின்னால் நின்ற நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டுவதுபோல் பாவனை செய்தேன்.

நேற்று வாணி அழைத்தாள். "மாமி, நான் டமில் எழுத்து படிக்கப்போறன். ஃபர்ஸ்ட் அப்பாட பேரைத்தான் வாசிக்கோணும். ஓகேதானே?"

"ஓம் பிள்ளை" என்றேன். நாலு எழுத்துப் படித்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். அவள்தான் அவருக்குச் சொல்லவேண்டிவரும். பதினேழு வயதில், தாயில்லாமல், அந்தச் சன்னலுக்கு முன்னால் நின்று.

முப்பத்தோராம் நாளுக்கான நினைவு மலர் என் கணினியில் இருக்கிறது. அச்சகம் காத்திருக்கிறது. அறிவித்தலில் இருந்த அதே பெயர்கள் போதும் என்று உன் அண்ணா சொல்லிவிட்டார். நேற்று முழுவதும் ஒரு தந்திரம் யோசித்தேன். இரண்டு பெயர்களும் உள்ள புது அறிவித்தல் ஒன்றைச் செய்து, பழையது மங்கிப்போயிற்று என்று ஏதாவது பொய் சொல்லிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாற்றி வைத்துவிட்டால் அவரும் வாணியும் ஒருநாளும் அறியமாட்டார்கள். எழுதியும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வாசித்து முடித்ததும் அதை அழித்துவிட்டேன். பழைய பலகையைக் கழற்றி எறிகிறவர்களோடு நானும் ஏணி பிடிக்கிறேன் என்று விளங்கியது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நீ இருந்தால் திட்டியிருப்பாய். திட்டி முடித்துச் சாப்பிடச் சொல்லியிருப்பாய். இப்போது திட்டுவதற்கும் ஒருவரில்லை. சரியானதைச் செய்தாலும் உனக்கு அது பிந்திவிட்டது. அந்தப் பிந்தலை இனி எங்கே போனாலும் தூக்கிக்கொண்டுதான் நடக்கவேண்டும்.

மலரில் அவர்கள் இருவரின் பெயரையும் போட்டு, முதல் அறிவித்தலில் அவை விடப்பட்டன என்றும், விட்டது நான் என்றும் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அது அச்சுக்குப் போகமுன் டெஸ்மண்ட் அதை என் வாயால் கேட்கவேண்டும். உன் அண்ணா இன்னும் நித்திரை. அவருக்குச் சொல்லவில்லை, ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்று சனிக்கிழமை. பத்து மணிக்குச் சனம் கூடமுன் சலூனுக்குப் போய், டெஸ்மண்டைத் தனியே கூப்பிட்டு, அந்தச் சிவப்புக் கோட்டுக்கு மேலே இருப்பது என் பெயர் என்று சொல்லப்போகிறேன்.