சந்தனம் படாத இடத்தில் அரிப்பு

என் பிரியமான சாரதா அக்கா,

ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மருத்துவமனை வராந்தாவில் நான் நடக்கிற நடையைப் பார்த்துவிட்டுக் காவலாளி மராத்தியில், "பஸா நா, காகா" என்று உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டுகிறான். உள்ளே உன் மகள் நித்யாவின் வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்கிறார்கள். இதுவரை நன்றாக இருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை மகர்பட்டா வீட்டில் அவளுக்கு வளைகாப்பு. கழுத்து கறுத்து, கன்னத்தில் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருந்தது. "மேக்கப் இல்ல மாமா, பேபி போட்டது" என்று சிரித்தாள். நீ இருந்து பார்த்திருக்க வேண்டாமா?

இரண்டு நாள் கழித்துப் போனேன். உள்ளங்கையைச் சீப்பால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "கடைச் சந்தனம் ஒத்துக்கல. தேங்காய் எண்ணெய் தடவினா சரியாயிடும்" என்றார் அவள் மாமியார். சோபாவிலிருந்து உன் கணவர், "மாசமா இருந்தா அரிக்கத்தான் செய்யும்" என்றார்.

அதே வாக்கியம், அக்கா. கட்கி குடியிருப்பில் நீ முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு வாசற்படியில் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது. டாக்டரிடம் போகலாம் என்ற என்னை, "காலேஜ் போற திமிரு" என்றார். அடுத்த வாரம் உன் மூத்த பிள்ளை அழாமலே பிறந்தான். ஏன் என்று யாராவது கேட்டார்களா?

நித்யாவும் காலைத் தரையில் தேய்த்தாள். தடிப்பில்லை, சிவப்பில்லை, நகக்கீறல் மட்டும்.

"சந்தனத்த கன்னத்துலயும் கையிலயும்தானே பூசினீங்க? உள்ளங்கால்ல பூசினது யாரு?" என்றேன்.

"போற எடத்துல எல்லாம் குத்தம் கண்டுபிடிக்கணும் உனக்கு, மச்சான்."

"குத்தம் இருக்கற எடத்துக்குத்தான் போறேன், அத்தான்."

"மாமா, டென்ஷன் எடுக்காதீங்க" என்றாள் நித்யா. தனக்கு முன்னால் ஓர் அண்ணன் உயிரில்லாமல் பிறந்ததை அவளிடம் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டாயே! நான் சொன்னேன். டாக்டரிடம் போக எழுந்து செருப்பைத் தேடினாள்.

கறுப்பும் வயிற்று வரிகளும் பயப்படும்படியானவை அல்ல என்றார் டாக்டர். வெதுவெதுப்பான நீரில் குளியல், மணமில்லாத கிரீம், தளர்வான பருத்தி உடை, வெயிலில் முகத்துக்கு மறைப்பு, அவ்வளவு போதுமாம். ஆனால் தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால் உடனே ரத்தம் சோதிக்க வேண்டும். சோதித்தார்கள். ரத்தத்தில் பித்த அமிலம் ஏறியிருக்கிறது. தாய்க்கு அரிப்பு, ஆபத்து குழந்தைக்கு. மாத்திரை கொடுத்து, கண்காணிப்பில் வைத்து, தேவைப்பட்டால் முன்கூட்டியே பிரசவம் பார்ப்பார்கள். "வீட்ல முன்னாடி யாருக்காவது இப்படி வந்திருக்கா?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன்.

வெளியே வந்ததும் அத்தான், "அப்போ... சாரதாவுக்கும் இதுதானா?" என்றார். இந்தக் கேள்விக்காக எத்தனை வருடங்களாக நீளமான பதில் ஒன்றை வைத்திருந்தேன், தெரியுமா? "இருக்கலாம்" என்று மட்டும்தான் வந்தது. அவரை மன்னிக்கவில்லை. அதை என்னிடம் கேட்காதே.

குழந்தையின் அழுகை கேட்கும்வரை இங்கிருந்து நகர மாட்டேன். அதுவரை அவரோடு சண்டையும் கிடையாது. அதன்பிறகு, நீ பெற்ற மூத்தவனைப் பற்றி இந்த வீட்டில் எல்லோரையும் வாய்விட்டுப் பேச வைப்பேன். அவரையும்தான்.

உன் இரண்டு பிள்ளைகளுக்கும் தாய்மாமன்,
உன் தம்பி ரகு