இஞ்சி போன தூரம்

இலண்டன்

பிள்ளை,

உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. ரெய்னர்ஸ் லேனில் நம் கடைக்கு வந்த போலந்து அம்மா தானாகவே சொன்னார். மருமகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பத்தியக் காயம் அரைக்கச் சரக்கு வேண்டும் என்றார்.

மல்லி, மிளகு, ஓமம் என்று கேட்டவர், இஞ்சியைத் தூக்கிக் காட்டி, "எங்கடை பாசையில இது இம்பிர். உங்கடை சொல்லுத்தான்" என்றார், நீ பழக்கிய தமிழில்.

அந்தச் சொல்லின் கதையையும் அவரே சொன்னார். நம் இஞ்சிவேர் கிரேக்கம், இலத்தீன், ஜெர்மன் என்று வாய்க்கு வாய் மாறி அவர்கள் அடுப்படிவரை போயிருக்கிறதாம். எத்தனை கடல், எத்தனை நூற்றாண்டு! வழியில் ஒருவரும் அதை, நான் உன் புருசனை மறித்ததுபோல வாசலில் மறித்து, நீ ஆர், எந்த ஊர், என்ன மதம் என்று கேட்கவில்லை போலும்.

ஆனால் "சரக்கு தர ஏலாது" என்று அவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். பாவம், முகம் வாடிவிட்டது. காயம் பெண் வீட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று உன் மாமியிடம் சொல்லிவிடு. மல்லியை வறுத்துவிட்டேன். மற்றதையும் இடித்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாறன்.

இப்படிக்கு,
அம்மப்பா