பட்டனை அழுத்தப்போவது யார்?

திங்கள், பெப்ரவரி 2
காலையிலிருந்து பனி. கோழி கிளறினதுபோல இருக்கிறது எழுத்து, மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன்? எனக்கு நானேதான் வாசகன். ஒரு வரி முடியத் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. இருந்தும் என் கை, என் எழுத்து! எழுபத்தெட்டு வயதில்!

முதியோர் எழுத்து வகுப்பு ரீச்சரின் ஒரே முறைப்பாடு: "அங்கிள், புள்ளி எழுத்தெல்லாத்தையும் விழுங்கிறியள்." பிறகு தேடித்தேடி வைக்கிறேன்.

நூலகத்தில் எடுத்த புத்தகம், பழங்கால ராசாக்களைப் பற்றி. பெரிய எழுத்து. இன்று ஒரு பக்கம். எகிப்தில் ராசா செத்தால், உடலின் வாயைத் திறக்கும் சடங்கைச் செய்கிறவனுக்கே பட்டத்தில் உரிமை. எங்கள் வாய்க்கரிசி மாதிரி. பிள்ளையில்லாத ஓர் இளம் ராசாவுக்கு ஒரு கிழவன் அதைச் செய்து, தானே ராசாவானான். கல்லறைச் சுவரில் படமும் கீறுவித்தான்.

எனக்குப் பிள்ளைகள் இரண்டு. அடுத்த செவ்வாய் நெஞ்சில் ஒப்பரேஷன். புத்தகத்தை மூடிவிட்டேன்.

புதன், 4
கடுங்குளிர். புட்டு, சம்பல். சின்னவன் வீட்டில்தான் இருக்கிறேன், மோர்னிங்சைட்டில். அவன் குசினியில் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெரியவனோடு கதைத்தான். எனக்குக் காது கேளாது என்ற நினைப்பு.

"அப்பாவுக்கு ஒண்டு நடந்தால் கொள்ளி எனக்கு. நான் மூத்தவன்."

"ஓமோம், றிச்மண்ட் ஹில்லில இருந்து பொங்கலுக்கும் தீவாளிக்கும் வாற மூத்தவர்."

"அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை எண்டு நீ வைச்சனி. நான் வாய் திறந்தனானோ?"

"பாக்கிறது நான், அமத்திறது நீங்களோ? வாங்கோ பாப்பம், ஆர் பட்டனில கை வைக்கிறதெண்டு!"

இந்த நாட்டில் நெருப்பு வைக்க விறகில்லை. ஒரு பட்டன். அழுத்தினால் பெட்டி எரிக்கும் அடுப்புக்குள்ளே போகும்.

புட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். நான் இன்னும் சாகவில்லை.

வெள்ளி, 6
வெயில், ஆனால் சூடில்லை. புத்தகத்தில் இன்னொரு ராசா. ஊர்கோலமாகக் கொண்டுபோன அவர் உடலையே ஒரு தளபதி வழியில் மறித்துத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனானாம். உடல் இருக்கும் இடத்தில்தான் உரிமை.

கண்ணை மூடினால் 401 நெடுஞ்சாலையில் என் பெட்டி. பின்னால் இரண்டு கார்கள் துரத்துகின்றன. சிரிப்பும் வந்தது.

ஒரு கடதாசித் துண்டில் எழுதினேன்: "இரண்டு பேரும் சேர்ந்து அழுத்த வேண்டும்." காலை முழுவதும் போனது. ராசா கட்டளை! இரண்டு தரம் உரக்க வாசித்தேன்.

ஞாயிறு, 8
பெரியவன் வந்தான். தோடம்பழம், மருந்துக் குளிசைப் பெட்டி. துண்டை நீட்டினேன். வாசித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தான்.

"வடிவா எழுதியிருக்கிறாய்."

"நானோ? விசரோ உங்களுக்கு? அப்பா வகுப்புக்குப் போறார்."

"அப்பா கைநாட்டு எண்டு ஊருக்கே தெரியும். ஆருக்குக் கதை விடுறாய்?"

சின்னவன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். நான் இருக்கும்போதே இப்படியென்றால்?

"பேனையைத் தாங்கோடா," என்றேன்.

அதே வரியைத் திரும்ப எழுதினேன். ஒருவன் இந்தத் தோளுக்கு மேலால், மற்றவன் அந்தத் தோளுக்கு மேலால். மூச்சுக்கூடக் கேட்டது. பெரியவன் எழுத்துக்கூட்டி வாசித்தான்:

"இரண்டு பேரும் சேர்ந்து... அழுத... வேண்டும்."

"அழச் சொல்லுறாரோ?" என்றான் சின்னவன். பகிடிபோலத்தான் தொடங்கினான். குரல் இடையில் உடைந்தது.

நான் 'த்'தை விழுங்கிவிட்டேன். சொல்லவில்லை. பெரியவன் துண்டை மடித்தான், திரும்ப விரித்தான், கதிரையில் இருந்தான். பிறகு தம்பியிடம் மெல்ல, "செவ்வாய் எத்தினை மணிக்கு வெளிக்கிடுறியள்? நானும் வாறன்."

பயம் போகவில்லை. நெஞ்சு இப்போதும் அடிக்கிறது. அந்த 'த்' இன்னும் வைக்கவில்லை. அடுத்த கிழமை, ஒப்பரேஷன் முடிந்து வந்து வைப்பேன். வேறு யாரும் வைக்கக்கூடாது.