மூன்றாம் தண்ணீர்

நாந்தோம்,
1993 ஜனவரி 10

அன்புள்ள யூலேலியா,

குமாசியில் நீங்கள் எல்லோரும் நலமென்று லாரிக்கார பாக்னா சொன்னான். நாங்களும் நலம். என் மாமனார் மட்டும் இருமிக்கொண்டிருக்கிறார்.

நீ போய் எட்டு மாதம். உன் முறை நாட்களில் நம் கொட்டகை சும்மா கிடந்தது. இப்போது அயூவோ சோளத்தில் பீட்டோக் கள் காய்ச்சுகிறாள். என் கொழுந்தன் லாவ்ராவிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். நம் மூன்று கல் அடுப்பை எடுத்துவிட்டு, மூன்று பானையும் ஒரே தீயில் வேகும்படி மண்ணில் நீளமாக ஓர் அடுப்புப் போட்டிருக்கிறாள். எட்டுக் கட்டு விறகு போன இடத்தில் இப்போது நான்கு. சோளச் சக்கையை மூன்றாம் முறை அலசி நாம் தெருவில் ஊற்றுவோமே, அந்தத் தண்ணீரைக்கூட விடுவதில்லை. "கொட்டாதீங்கக்கா, இன்னும் இனிப்பு இருக்கு" என்று பிடித்துவைத்து மறுநாள் காய்ச்சலில் சேர்க்கிறாள். பானையடி மண்டியில் கயிற்றைத் தோய்த்து, அடுத்த பானையைப் புளிக்கவைக்கக் காயவைக்கிறாள்.

"நீங்க ரெண்டு பேரும் பீட்டோவா காய்ச்சினீங்க, காட்டையில்ல காய்ச்சியிருக்கீங்க" என்று நேற்றுச் சொன்னாள். சிரித்துவிட்டேன்.

உன் தோழி
தொமிதிலா


குமாசி,
ஜனவரி 27

தொமி,

உன் கடிதத்தின் முதல் வரியில் நான் இருந்தேன். பிறகு முழுக்க அவள்.

இங்கேயும் காய்ச்சுகிறேன், ஆனால் சக்கையைக் கேட்பாரில்லை. சுற்றிலும் முஸ்லிம் வீடுகள், பன்றி வளர்க்க முடியாது. கூடை கூடையாகக் குப்பைமேட்டில் கொட்டுகிறேன். "உன் நாத்தம் என் சூப்புக்குள்ள வந்து விழுது" என்கிறாள் வீட்டுக்காரி. கொட்டும்போது கை கூசுகிறது. உன் நாள் சக்கை என் பன்றிகளுக்கு, என் நாள் சக்கை உன் பன்றிகளுக்கு. பத்து வருடம். நாம் வேறு எந்தச் சத்தியமும் செய்துகொண்டதில்லை.

உன் நாள் சக்கை இப்போது யாருக்குப் போகிறது?

அந்தக் கற்களை நீயும் நானும் ஆற்றிலிருந்து தலையில் சுமந்து வந்தோம். எடுப்பதற்கு முன் ஒரு வரி எழுதியிருக்கலாம். அவள் சொன்னதற்குச் சிரித்தாய் என்பதை எழுதாமல் இருந்திருக்கலாம்.

யூலேலியா


நாந்தோம்,
மார்ச் 2

என் யூலேலியா,

கோபித்துக்கொள்ளாதே. சக்கை அயூவோவின் பன்றிகளுக்குப் போகிறது. வேறு யாருக்குப் போகும்? உன் பன்றிகளை நீ விற்றுவிட்டுப் போனாய்.

மாமனார் போய்விட்டார். வலியில்லாமல்.

கடைசிச் சடங்கு ஏப்ரல் பாதியில். அதற்கான பீட்டோ அவரே விதைத்து, அவரே களஞ்சியத்தில் வைத்த சோளத்தில் வரவேண்டும். மூன்று கூடைதான் மிச்சம் இருக்கிறது. மூத்த மருமகள், ஆகவே காய்ச்சுவது நான். இரவில் எழுந்து அந்தக் கூடைகளைத் தொட்டுப் பார்க்கிறேன்.

கிணறு வற்றிவிட்டது. குழாயடியில் விடியும் முன்பே வரிசை, கைகலப்பு. அதனால் ஒரு யோசனை. மூன்றாம் தண்ணீரைக் காய்ச்சலில் சேர்க்கிறோமே, முளைகட்டச் சோளத்தை ஊறவைக்கவும் அதையே ஊற்றினால்? ஆறு பானைத் தண்ணீர் மிஞ்சும். இது என் யோசனை, அயூவோவுடையது அல்ல. அவள் ஊரில் யாரும் செய்ததில்லையாம். உன் அம்மா முப்பது வருடம் காய்ச்சியவர், நீ கூடவே நின்றவள். சொல், ஊறவைக்கலாமா? பாக்னா குமாசியிலிருந்து பதினோராம் தேதி கிளம்புவான். அவனிடம் பதில் கொடு.

தொமிதிலா


குமாசி,
மார்ச் 11
(அனுப்பாத தாள்)

தொமி,

ஊறவைக்காதே. பஞ்ச வருடத்தில் அம்மா செய்து பார்த்தாள். மூன்றாம் நாள் சோளம் வழவழவென்று புளித்துவிட்டது. ஒரு முளை இல்லை. அந்தத் தண்ணீர் காய்ச்சலுக்கு ஆகும், ஊறவைக்க ஆகாது.

எழுதிவிட்டேன். பாக்னா பன்னிரண்டு மணிக்கு வருவான்.

இதைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும். அந்தக் கொட்டகையில் ஒன்று கெட்டுப்போகும். ஊர் யாரைச் சொல்லும்? எதையும் கொட்டாதே என்று கற்றுக்கொடுத்தவளை.

இவ்வளவு தெளிவாக நான் எதையும் யோசித்ததில்லை.


குமாசி,
மார்ச் 11

அன்புள்ள தொமிதிலா,

மாமனாரின் செய்தி கேட்டு அழுதேன். என் கல்யாணத்துக்குச் சேவல் கொடுத்தவர். என் வீட்டுக்காரருக்கு மர அறுவை மில்லில் விரல் நசுங்கி இப்போது ஆறிவருகிறது. சடங்குக்கு என்னால் வர முடியாது. பாக்னாவிடம் உனக்கு ஒரு துணி கொடுத்திருக்கிறேன்.

காய்ச்சும் காரியத்தில் இங்கிருந்து நான் என்ன சொல்வது. உன் பக்கத்திலேயே கெட்டிக்காரி இருக்கிறாள்.

யூலேலியா


நாந்தோம்,
ஏப்ரல் 24

யூலேலியா,

துணி வந்தது. நல்ல நீலம்.

சோளத்தை ஊறவைக்கப் போன அன்று அயூவோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்கக்கா. இது பெரியவர் சோளம். முதல்ல ஒரு கைப்பிடி போட்டுப் பாப்போம்."

"அதுக்கு நாள் இல்லடி."

"உங்க ஃபிரெண்டு ஒண்ணுமே சொல்லலையே."

"அதான் நானும் சொல்றேன். தப்புன்னா அவ எழுதியிருப்பா. உன்ன எனக்குக் கொஞ்ச மாசமாத்தான் தெரியும். அவள பத்து வருஷமா தெரியும்."

ஊற்றினேன். மூன்று கூடைக்கும். ஒன்றுகூட முளைக்கவில்லை. அள்ளினால் கையில் கோழையாக ஒட்டியது. பன்றிகள்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்தன.

சந்தைச் சோளம் வாங்கிக் காய்ச்சினோம். பங்காளிகள் வந்து உட்கார்ந்தார்கள். குடுவையை யாரும் தொடவில்லை. "இது யாரு வெதச்சது?" என்று மூத்தவர் ஒரே ஒரு தடவை கேட்டார். சடங்கை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். அடுத்த வருடம் எந்தச் சோளத்தில் என்று யாரும் சொல்லவில்லை. அதுவரை என் மாமியார் துக்கக் கயிற்றைக் கழற்ற முடியாது. அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

ஊர் அயூவோவைத்தான் சொல்கிறது. "லாவ்ராக்காரி செத்தவருக்கும் அலசின தண்ணிய ஊத்திட்டா" என்கிறார்கள். என் யோசனை என்று சொன்னேன். ஓரகத்தியைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்கிறார்கள். அவள் காய்ச்சுவதை நிறுத்திவிட்டாள்.

ஒன்று கேட்கிறேன். உன் அம்மா இதைச் செய்து பார்த்ததுண்டா? உனக்குத் தெரியாது என்றால் தெரியாது என்று எழுது. எனக்கு அது போதும்.

தொமிதிலா


குமாசி,
மே 9

தொமி,

தெரியும்.

மார்ச் பதினொன்றாம் தேதி எழுதிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கிழித்துப்போட முடியவில்லை. தெரியாது என்று எழுத நீ வழிவிட்டிருந்தாய். இரண்டு நாள் அந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள்மேல் பழி விழவேண்டும் என்று நினைத்தேன். விழுந்துவிட்டது. எழுதும்போது உன் மாமனார் என் நினைவிலேயே இல்லை. நீயும் இல்லை என்று நினைக்கிறேன். என் இடத்தில் ஒருத்தி நிற்பது மட்டும்தான் இருந்தது.

இதை ஊரில் படித்துக் காட்டு. பங்காளிகளுக்கும். என் பெயரோடு.

யூலேலியா


நாந்தோம்,
ஜூன் 3

யூலேலியா,

படித்துக் காட்டினேன். முற்றத்தில், எல்லோருக்கும் நடுவில். இரண்டு தாளையும். பங்காளிகளில் மூத்தவர் அயூவோவிடம் போய், அவள் கையால் ஒரு குடுவை பீட்டோ கேட்டார். அவள் உள்ளே போய், நான் காய்ச்சிவைத்ததில் மொண்டு கொண்டுவந்தாள். முதல் வாய் அவளே குடித்துக் காட்டிவிட்டு நீட்டினாள். அவர் குடித்தார்.

எல்லோரும் போனபிறகு அவளிடம் கேட்டேன், உனக்குக் கோபம் இல்லையா என்று.

"பாவம்க்கா, அவங்களுக்கு அந்த ஊர்ல பேசக்கூட யாருமில்ல போலிருக்கு" என்றாள்.

அவளைப் போல நானும் நினைத்துப் பார்த்தேன். இத்தனை நாள் முயன்றேன். வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இனி உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

தொமிதிலா