ஜன்னல் இல்லாத சமையலறை

பிப்ரவரி 4
ஆலைக் குடியிருப்பை நாளை மறுநாள் இடிக்கிறார்கள். எங்கள் பழைய வீட்டுச் சமையலறைச் சுவரில் ரப்பர் பால் பூசி, மேலே மெல்லிய துணி ஒட்டி, மறுபடியும் பூசிவிட்டு வந்திருக்கிறேன். காய்ந்ததும் உரித்தால் சுண்ணாம்பும் புகைக்கரியும் துணியோடு வரவேண்டும். வருமா? இருப்பது ஒரே சுவர். கிழிந்தால் கிழிந்ததுதான்.

பிப்ரவரி 5
வந்துவிட்டது! ஆறடிக்கு ஆறடி. அடுப்புக்கு மேலே படிந்த பதினெட்டு வருஷப் புகை, அப்படியே.

பிப்ரவரி 9
கலைக்கூட நிர்வாகி வந்து பார்த்தார். "என்ன அழகு! பழைய நினைவோட வாசனையே அடிக்குது" என்றார். அழகா? ஜன்னலே வைக்காமல் கட்டிய அறையில் அம்மா கண் எரிய எரியச் சமைத்த கரி அது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். கண்காட்சி இருபதாம் தேதி.

பிப்ரவரி 13
துணியை மொட்டைமாடியில் விரித்துவிட்டு ஆணி வாங்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கீழ்ப்பாதி வெளுத்தே போச்சு. கத்திவிட்டேன்.

"ஏண்டி, நம்ம வீட்டு அழுக்கை ஊரைக் கூட்டிக் காட்டப் போறியா? சுவரைத் துடைக்கக்கூடத் துப்பில்லாதவன்னு என்னைத்தானே சொல்லுவாங்க!"

இடிச்ச வீட்டுல போய் எந்தச் சுவரை உரிப்பேன்? அதை விடு — அவள் சொன்னது சரியோ? அவளுடைய வெட்கத்தைத்தான் ஆணியடித்து மாட்டப் போகிறேனோ?

பிப்ரவரி 14
துணியைச் சுருட்டி என் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 15
அம்மாவே வாயைத் திறந்தாள். "மாட்டிக்கோ. ஆனா அந்த ரூமுக்கு ஜன்னல் வைக்காதவன் யாருன்னு பக்கத்துல எழுதி வை. இல்லேன்னா பழி என் தலையிலதான் விழும்."

பிப்ரவரி 18
எழுதிக் கொடுத்தேன்: 'ஆலை நிர்வாகம் ஜன்னல் இல்லாமல் கட்டிய சமையலறை. பதினெட்டு வருஷம் இதில் சமைத்தவர் என் அம்மா. கீழ்ப்பாதியைத் துடைத்தவரும் அவரே.'

நிர்வாகி முதல் வரியை அடித்துவிட்டார். "திறந்து வைக்க வர்றதே ஆலை முதலாளிதாம்மா. 'ரப்பர் பால், துணி, புகை'ன்னு போட்டாப் போதும். மிச்சத்தைக் கலை பேசிக்கும்."

எது பேசும்? அடித்த வரியா? ஆனால் இது என் முதல் கண்காட்சி. முரண்டு பிடித்தால் இனி யார் கூப்பிடுவார்கள்?

பிப்ரவரி 20
காலையிலேயே கலைக்கூடத்துக்குப் போய்த் துணியைக் கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அந்த அகலத்துக்குக் காலிச் சுவர் இல்லை. அம்மாவும் நானும் பீரோவை நகர்த்தினோம். மதியத்துக்குள் பழைய குடியிருப்புப் பெண்கள் நாலு பேர் வந்துவிட்டார்கள். அங்கே எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த பெரியம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"இதுக்கா இவ்வளவு அலட்டல்? என் வீட்டுல கரி கூரை வரைக்கும் ஏறிச்சுடி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் குடுத்திருப்பேன்ல?"

"உன் சுவரை உரிக்க ஊர்ல இருக்கற ரப்பரெல்லாம் பத்தாதுக்கா" என்றாள் அம்மா.

அம்மாவோடு சேர்த்து ஐந்து பேரும் சிரித்தார்கள். ஐந்து பேருடைய சிரிப்பும் இருமலில் போய்த்தான் முடிந்தது.